ஆறு மாதம் அரிசி வாங்காவிட்டால் கார்டு முடங்குமாம். இதை எந்தச் சபையில் பேசினார்கள்?

ஓமலூரான் | ஞாயிறு, இரவு 9:10

என் தம்பி கட்டட வேலைக்காக மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பெங்களூர் போய் எட்டு மாதம் ஆகிறது. கார்டு ஊரில் அம்மாவிடம் இருக்கிறது. ஆனால் அம்மாவின் பெயர் அந்தக் கார்டில் இல்லை, என் கார்டில் இருக்கிறது. அதனால் அவர் போய் ரேகை வைத்து வாங்க முடியாது. எட்டு மாதமாக ஒரு பொருளும் வாங்கவில்லை.

போன வாரம் கடையில் விற்பனையாளர், "ஆறு மாதம் வாங்காத கார்டு முடங்கிவிடும், தம்பியிடம் சொல்லி வையுங்கள்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். "மேலே இருந்து உத்தரவு." எவ்வளவு மேலே என்று அவருக்கும் தெரியவில்லை.

எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, இது உண்மையா? இரண்டு, நாலு பேர் சாப்பிடும் அரிசியை நிறுத்துகிற ஒரு விதியை எம்.பி.க்கள், எம்.எல்.ஏ.க்கள் யாராவது படித்துப் பார்த்துத்தான் விட்டார்களா? உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது டிவியில் எவ்வளவு விவாதம் பார்த்தோம். இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்ட ஞாபகம் இல்லை.

---

கெஜட்_கிறுக்கன் | ஞாயிறு, இரவு 10:42

அண்ணா, முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம், அப்படி ஒரு விதி இருக்கிறது. பொது விநியோகத்துக்கான கட்டுப்பாட்டு ஆணை 2015இல் வந்தது. அதை 2025 ஜூலையில் மத்திய அரசு திருத்தியது. ஆறு மாதம் பொருள் எடுக்காத கார்டைத் தற்காலிகமாக முடக்கலாம். அதன் பிறகு மூன்று மாதத்துக்குள் மாநில அரசு நேரில் விசாரித்து, இ-கேஒய்சி (ஆதார் வழியாக ஆளைச் சரிபார்ப்பது) முடித்து, தகுதி உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். முடக்கம் வேறு, ரத்து வேறு. பயப்பட வேண்டாம், ஆனால் அசட்டையாகவும் இருக்க வேண்டாம்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு விதி போட்டால், 39ஆம் பிரிவின்படி அதை இரு அவைகளின் முன்னும் வைக்க வேண்டும், மொத்தம் 30 நாள். இரண்டு அவையும் ஒத்துக்கொண்டால் விதியைத் திருத்தலாம், தூக்கியும் போடலாம். ஆனால் அதுவரை விதி செல்லும், அதற்குள் நடந்ததும் செல்லும். அதாவது கல்யாணம் முடிந்த பிறகு பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டி, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பது போல.

சரி, இதுவாவது இருக்கிறதே என்று நினைத்தால், உங்கள் தம்பியின் கார்டைத் தொடுகிற ஆணை இந்தச் சட்டத்தின் கீழ் வந்ததே இல்லை! அது 1955ஆம் வருட அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்தது. அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் இதைப் பற்றி உள்ளது ஒரே வரிதான்: ஆணையைக் கூடிய விரைவில் இரு அவைகளின் முன்னும் வைக்க வேண்டும். அவ்வளவுதான். 30 நாள் கிடையாது, திருத்தும் வாசகமும் கிடையாது. பதுக்கல்காரர்களைப் பிடிக்க எழுதிய சட்டத்தில் அது போதும் என்று நினைத்திருப்பார்கள். இன்றைக்கு ஒரு குடும்பத்தின் அரிசி அந்த வழியாகத்தான் முடிவாகிறது.

---

சில்க்போர்டு_சிக்னல் | ஞாயிறு, இரவு 11:05

சட்டம் எல்லாம் நாளைக்குப் பேசலாம். ஓமலூரான் அண்ணா, தம்பி கார்டில் என்ன குறியீடு போட்டிருக்கிறது? பிஹெச்ஹெச் (முன்னுரிமைக் குடும்பம்) என்று இருந்தால் அவர் பெங்களூரிலேயே வாங்கலாமே. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது. கார்டைக் கையில் கொண்டுபோகக்கூட வேண்டாம், எண் போதும், இல்லையென்றால் ஆதார் எண். ஒரு முறை வாங்கினாலே "எடுக்கவில்லை" என்ற பேச்சுக்கு இடமில்லை.

நான் வாங்கியிருக்கிறேன். முதல் கடையில் "தமிழ்நாடு கார்டா, இங்கே வராது" என்றார்கள். அடுத்த தெருவில் இருந்த கடையில் வந்தது. சர்க்கரை, பருப்பு, பாமாயில் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள், அது நம் மாநிலம் தன் காசில் கொடுப்பது. மத்திய அரசின் தானியம் மட்டும்தான் கிடைக்கும். ஆளுக்கு 5 கிலோ, நாலு பேருக்கு 20 கிலோ.

---

ஓமலூரான் | திங்கள், காலை 6:50

பிஹெச்ஹெச் தான். அடப்பாவி, எட்டு மாதம் 160 கிலோ அரிசியைக் கடையில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான். இதை எங்கள் பக்கம் யாரும் சொல்லவே இல்லை. முடக்குவார்கள் என்பதைச் சொல்ல ஆள் இருக்கிறது, அங்கேயே வாங்கலாம் என்று சொல்ல ஆள் இல்லை.

---

முன்னாள்_ஆர்ஐ | திங்கள், காலை 8:15

வழங்கல் பிரிவில் சில காலம் இருந்தவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்கிறேன். கோபப்படாதீர்கள்.

நான் தணிக்கைக்குப் போன கடைகளில், இறந்து ஏழெட்டு வருடமான ஆட்கள் மாதா மாதம் அரிசி வாங்கிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகிப் போன பெண் பிறந்த வீட்டிலும் இருப்பாள், புகுந்த வீட்டிலும் இருப்பாள். வாங்காத கார்டுக்குத்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் அந்த மூட்டை கடையிலிருந்து வேறு வழியாக வெளியே போகும். ஆறு மாதம் எடுக்காத கார்டை நிறுத்தி விசாரிப்பது என்பது அந்தக் கதவை மூடுவது. இதில் தவறு என்ன?

அப்புறம், ஒவ்வொரு விதியையும் அவையில் ஓட்டுக்கு விட வேண்டும் என்றால் நிர்வாகம் நடக்காது. 2017இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். ஆதார் இணைக்காததால் ரேஷன் நின்றுபோன குடும்பம் அது. அதே வருடம் அக்டோபர் 24ஆம் தேதி டெல்லி உணவுத் துறை மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது: ஆதார் இல்லை என்பதற்காகப் பெயரை நீக்காதே, ரேகை விழவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்காதே, விதிவிலக்குப் பதிவேட்டில் எழுதிவிட்டுக் கொடு. ஒரு கடிதம்தான். நாடாளுமன்றம் கூடி விவாதித்துச் செய்திருந்தால் எத்தனை மாதம் ஆகியிருக்கும்?

---

கெஜட்_கிறுக்கன் | திங்கள், காலை 9:30

> மேற்கோள்: ஒரு கடிதம்தான். நாடாளுமன்றம் கூடி விவாதித்துச் செய்திருந்தால்...

சார், நீங்கள் சொன்ன உதாரணமே என் பக்கத்துக்குத்தான் உதவும். அந்தப் பாதுகாப்பு வெறும் கடிதமாக இருப்பதுதான் பிரச்சினை. ஆதாரைக் கட்டாயமாக்கியது 2017 பிப்ரவரி 8ஆம் தேதி கெஜட்டில் வந்த அறிவிக்கை. "மறுக்காதே" என்றது கடிதம். கடைக்காரர் கையில் இருக்கும் மெஷினுக்கு அறிவிக்கை தெரியும், கடிதம் தெரியுமா? கடிதத்தை எந்த அவை முன்னும் வைக்க வேண்டியதில்லை. நாளை இன்னொரு கடிதம் எழுதி அதை மாற்றினாலும் யாருக்கும் தெரியாது. இ-கேஒய்சிக்கு எத்தனை முறை கடைசித் தேதி வைத்தார்கள், எத்தனை முறை தள்ளி வைத்தார்கள்? அத்தனையும் கடிதம்தான்.

இன்னொன்று. அந்த அறிவிக்கைக்கு அடிப்படையான 2016 ஆதார் சட்டமே பண மசோதாவாகப் போனது. மாநிலங்களவை திருத்தங்கள் செய்து அனுப்பியது, மக்களவை அன்றைக்கே அத்தனையையும் நிராகரித்தது. பண மசோதா என்றால் மேலவைக்கு அவ்வளவுதான் மரியாதை.

---

மல்லிகா_டீச்சர் | திங்கள், மாலை 4:20

ஆர்ஐ சார் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். எங்கள் தெருவிலும் செத்தவர் பேரில் வாங்கிய வீடு உண்டு. ஆனால் "படித்துப் பார்த்தார்களா" என்ற கேள்விக்கு நம் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. எல்லாரும் மறந்துவிட்டீர்களா?

2016 நவம்பரில் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்தது. அடுத்த ஜூலையில் மாநில அரசு விதிகளை கெஜட்டில் போட்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் அது பேப்பரில் வந்தது. முன்னுரிமைக் குடும்பமாக இருக்க முடியாதவர்கள் என்று ஒரு பட்டியல்: வருமான வரி கட்டுபவர், தொழில் வரி கட்டுபவர், சொந்தக் கார் வைத்திருப்பவர், ஏசி வைத்திருப்பவர், மூன்று அறை அல்லது அதற்கு மேல் கான்கிரீட் வீடு உள்ளவர், வருடத்துக்கு 1 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர். லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் எட்டாயிரத்துச் சொச்சம்! எங்கள் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்த அம்மா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "என் வீட்டுக்காரர் கொத்தனார் வேலைக்கு வாரத்தில் நாலு நாள் போனாலே நாங்கள் பணக்காரர் டீச்சர்" என்றார்.

ஊரெல்லாம் ரேஷன் நிற்கப் போகிறது என்று பீதி. எதிர்க்கட்சி கிளம்பியது. உணவு அமைச்சர் வந்து, இது மத்தியச் சட்டத்துக்காக வகைப்படுத்தியதுதான், எல்லாருக்கும் ரேஷன் தொடரும் என்று விளக்கினார். அதுவும் பொய்யில்லை, இன்றுவரை முன்னுரிமை இல்லாத அரிசிக் கார்டுக்கும் மாநிலச் செலவில் அரிசி வருகிறது.

ஆனால் என் கேள்வி வேறு. ஜூலையில் கெஜட்டில் வந்தது ஆகஸ்டில்தான் சத்தமாகியது. நடுவில் 234 பேர் கொண்ட சபையில் ஒருவர் எடுத்துப் படித்திருந்தால் போதுமே? பேப்பர்காரர்கள் படிக்கிறார்கள், சபை படிக்கவில்லை.

---

தராசு | திங்கள், மாலை 5:48

டீச்சர், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. 40ஆம் பிரிவு மாநில அரசுக்கு. அதில் விதி மட்டுமல்ல, அறிவிக்கை, வழிகாட்டு நெறிமுறை எல்லாவற்றையும் பேரவை முன் வைக்க வேண்டும் என்று இருக்கிறது. யார் ஏழை என்று தீர்மானிக்கும் நெறிமுறையை 10ஆம் பிரிவு மாநிலத்திடம்தான் விட்டிருக்கிறது, அதனால் இது பெரிய விஷயம். ஒரு வகையில் மத்தியப் பிரிவைவிட இது அகலமானது.

ஆனால் வைக்காவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. 1970களின் கடைசியில் அட்லஸ் சைக்கிள் கம்பெனிக்கும் ஹரியானா அரசுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் "அவை முன் வைக்க வேண்டும்" என்பது நெறிப்படுத்தும் வாசகம்தான், வைக்கத் தவறினால் ஆணை செல்லாமல் போகாது. மேலே கெஜட் தம்பி சொன்ன அதே 3ஆம் பிரிவு!

வைத்தாலும் என்ன ஆகும்? மக்களவையில் சார்நிலைச் சட்டங்களை, அதாவது ஒரு சட்டத்தின் கீழ் அரசு போடும் விதி, ஆணைகளை ஆராய ஒரு குழு உண்டு, 1953இலிருந்து இருக்கிறது. 15 பேர், அமைச்சர்கள் யாரும் இருக்கக் கூடாது. மாநிலங்களவையில் அதேபோல் இன்னொன்று. எல்லா அமைச்சகங்களின் எல்லா விதிகளும் இந்த இரண்டு குழுக்களிடம்தான். விமானம், வங்கி, மருந்து, உரம் என்று குவியும் கோப்புகளுக்கு நடுவே ரேஷன் கார்டு எத்தனையாவது இடத்தில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அவையிலேயே ஒரு விதியை ரத்து செய்யத் தீர்மானம் கொண்டுவரலாம். 2012 மே மாதம் இணையத் தளங்களுக்கான விதிகளை எதிர்த்து கேரள எம்.பி. பி. ராஜீவ் மாநிலங்களவையில் கொண்டுவந்தார். நல்ல விவாதம் நடந்தது, தீர்மானம் தோற்றது. இணையத்துக்காவது அப்படி ஒருவர் எழுந்து நின்றார்.

---

வேப்பமரம் | திங்கள், இரவு 7:02

எல்லாம் அந்தக் கட்சிக்காரன் செய்த வேலை. இவனுங்க வந்தாலும் இதேதான் செய்வானுங்க.

மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 7:20

வேப்பமரம், எந்தக் கட்சி என்று இந்த இழையில் தேவையில்லை. இதே தொனியில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மற்றவர்கள் தொடருங்கள்.

---

மல்லிகா_டீச்சர் | திங்கள், இரவு 8:35

தராசு, அப்போது இந்த நிலைக்குழு என்கிறார்களே, அது?

தராசு | திங்கள், இரவு 9:10

அது வேறு, கொஞ்சம் உயிருள்ளது. நுகர்வோர் விவகாரம், உணவு, பொது விநியோகத்துக்கான துறை நிலைக்குழு. இரண்டு அவையும் சேர்ந்து 31 பேர். 2024இல் அதன் தலைவரானவர் கனிமொழி. பட்ஜெட்டுக்குப் பிறகு உணவுத் துறையின் மானியக் கோரிக்கையை (துறை தன் செலவுக்குக் கேட்கும் பணத்தை) ஆராய்வார்கள், அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்பார்கள், அறிக்கை தருவார்கள். அரசு அதற்கு நடவடிக்கைப் பதில் கொடுக்க வேண்டும். பரிந்துரையை ஏற்கத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உணவுப் பாதுகாப்புச் சட்டமே இந்தக் குழு வழியாக வந்ததுதான். 2011 டிசம்பரில் மசோதா, 2013 ஜனவரியில் குழு அறிக்கை. மசோதாவில் குடும்பங்களை "முன்னுரிமை", "பொது" என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். குழு, ஒரே வகையாக்கு, ஆளுக்கு 5 கிலோ கொடு என்றது. இன்றைக்கு உங்கள் தம்பிக்கு வரும் அந்த 5 கிலோ அந்த மேசையில் முடிவானது. ஆக, குழுக்கள் வேலை செய்யாமல் இல்லை. மசோதாவை உட்கார்ந்து படிக்கிறார்கள். சட்டம் ஆன பிறகு அதன் கீழ் வரும் ஆணையைத்தான் யாரும் அப்படிப் படிப்பதில்லை. அந்தக் குறையை விட்டுவிட்டு "எம்.பி.க்கள் தூங்குகிறார்கள்" என்று பொத்தாம்பொதுவாகத் திட்டுவதில் பயன் இல்லை.

---

கெஜட்_கிறுக்கன் | திங்கள், இரவு 9:44

தூங்கவில்லை, கத்திக்கொண்டிருந்தார்கள் :) 2025 ஜூலையில் இந்தத் திருத்தம் வந்தபோது மழைக்காலக் கூட்டத்தொடர். ஜூலை 21 முதல் ஆகஸ்ட் 21 வரை. 120 மணி நேரம் பேசுவதாகத் திட்டம், மக்களவையில் நடந்தது 37 மணி நேரம். பீகார் வாக்காளர் பட்டியல் பிரச்சினையில் அவை ஸ்தம்பித்தது. அதுவும் பேச வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 37 மணி நேரத்தில் ஆறு மாதம் அரிசி வாங்காத கட்டடத் தொழிலாளி எங்கே வருவார்?

---

முன்னாள்_ஆர்ஐ | செவ்வாய், காலை 7:30

இரவு முழுக்க யோசித்தேன். ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். "ஆறு மாதம்" என்ற எண் எங்கிருந்து வந்தது என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. ஏன் நாலு இல்லை, ஏன் பன்னிரண்டு இல்லை? சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கட்டட வேலை, செங்கல் சூளை, கரும்பு வெட்டு என்று போகிறவர்கள் தை கழிந்து கிளம்பி ஆடியில் திரும்புவார்கள். அது ஆறு மாதம்! சரியாக அவர்கள் வெளியே இருக்கும் காலத்தில் கார்டு முடங்கும். பெங்களூர்ச் சிக்னல் சொன்னது போல அங்கே வாங்கலாம்தான், ஆனால் அது தெரிந்தவர் எத்தனை பேர்?

இதை ஒரு குழுவில் நம் மாவட்டத்து எம்.பி. ஒருவர் உட்கார்ந்து கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பார். அதிகாரிக்கு இது தெரியாது என்றில்லை. கேட்க ஆள் இல்லாவிட்டால் எழுத மாட்டோம். நானும் எழுதியதில்லை.

ஆனால் கடை மட்டத்தை விட்டுவிடாதீர்கள். அதே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 28ஆம் பிரிவு சமூகத் தணிக்கை, 29 கண்காணிப்புக் குழு. கடைக்கு ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் கையெழுத்து வாங்கும் நோட்டுதான். டெல்லியில் 31 பேர் கேட்கவில்லை என்று வருத்தப்படுகிறோம், நம் தெருவில் ஐந்து பேர் கேட்டிருக்கிறோமா?

---

சில்க்போர்டு_சிக்னல் | செவ்வாய், காலை 9:05

நோட்டில் கையெழுத்துப் போட்டவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். மூன்று வருடம் உறுப்பினர். அவர் உறுப்பினர் என்று அவருக்கே தெரியாது.

---

தராசு | செவ்வாய், மதியம் 1:15

கார்டு முடக்கத்தைவிடப் பெரிய கதவு ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. எத்தனை பேருக்கு ரேஷன் என்பதை, வெளியாகியுள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து மத்திய அரசு நிர்ணயிக்க வேண்டும். நாட்டுப்புறத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் வரை. கடைசியாக வெளியானது 2011 கணக்கெடுப்பு. அதன்படி சுமார் 81 கோடி. 2021 கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. விடுபட்டவர்கள் 10 கோடிக்கு மேல் என்று பொருளாதார அறிஞர்கள் ழான் திரேஸும் ரீத்திகா கேராவும் 2020லேயே கணக்கிட்டார்கள். உச்ச நீதிமன்றமும், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் தளத்தில் பதிந்து ரேஷன் கார்டு இல்லாத 8 கோடிப் பேருக்குக் கார்டு கொடுங்கள் என்று சொல்லிப் பார்த்தது.

இதற்கு யாரும் ஒரு விதிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை, அறிவிக்கை வெளியிட வேண்டியிருக்கவில்லை. சும்மா இருந்தாலே போதும், பிறந்த குழந்தைகள் வெளியே நிற்கும். செய்த ஆணையையாவது அவை முன் வைக்கலாம். செய்யாமல் விட்டதை எப்படி வைப்பது?

தமிழ்நாட்டில் நமக்கு இது உறைக்காது. மத்திய கணக்கில் இல்லாதவருக்கும் மாநிலம் கொடுத்துவிடுகிறது. பீகாரிலோ ஜார்க்கண்டிலோ ஒரு பெயரைச் சேர்க்க வேண்டும் என்றால் இன்னொரு பெயர் போக வேண்டும்.

---

மல்லிகா_டீச்சர் | செவ்வாய், மாலை 6:40

சரி, நாம் ஏதாவது செய்வோமா? இல்லை, பேசிவிட்டுக் கலையப் போகிறோமா? நிலைக்குழுவுக்கு எழுதலாமா?

தராசு | செவ்வாய், இரவு 8:12

எழுதலாம் டீச்சர். நிலைக்குழுக்கள் ஒரு பொருளை எடுக்கும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுப்பது வழக்கம். அதுவரை காத்திருக்காமல் உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதி, எழுத்துபூர்வக் கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள். கேள்வி நச்சென்று இருக்க வேண்டும். "ஏழைகளைக் காக்க வேண்டும்" என்று எழுதினால் "அரசு உறுதியாக உள்ளது" என்று பதில் வரும். நான் எழுதுவதாக இருந்தால் இவ்வளவுதான்: 2025 திருத்த ஆணை எந்தத் தேதியில் இரு அவைகளின் முன்னும் வைக்கப்பட்டது? ஆறு மாதம் என்ற வரம்புக்கு ஆதாரமான ஆய்வு எது? இதுவரை மாநில வாரியாக எத்தனை கார்டுகள் முடக்கப்பட்டன, விசாரணைக்குப் பிறகு எத்தனை உயிர்பெற்றன?

கடைசிக் கேள்விக்குப் பதில் வந்தால் மற்றதெல்லாம் தானாகத் தெரியும். முடக்கியதில் பாதி திரும்ப உயிர்பெற்றிருந்தால் முடக்கியதே தப்பு.

முன்னாள்_ஆர்ஐ | செவ்வாய், இரவு 8:30

அதோடு இன்னொன்று சேருங்கள்: முடக்கும் முன் குடும்பத்துக்கு எந்த வழியில் தகவல் சொல்லப்படுகிறது? குறுஞ்செய்தி என்று பதில் வரும். கார்டில் இருக்கும் எண் பாதிப் பேருக்கு மாறிப்போயிருக்கும்.

---

ஓமலூரான் | பத்து நாள் கழித்து, புதன், இரவு 9:55

எல்லாருக்கும் நன்றி. தம்பி ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கிவிட்டான். சிமெண்ட் கலந்து கலந்து ரேகை தேய்ந்து போயிருக்கிறது, அவன் விரல் இரண்டு முறை விழவில்லை. அவன் மனைவி விரல் வைத்ததும் விழுந்தது. 20 கிலோ. ரசீதைப் படமெடுத்து அனுப்பினான், அம்மா அதைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார்.

அவனோடு வேலை செய்யும் நம் பக்கத்து ஆட்கள் பதினோரு குடும்பம். அடுத்த ஞாயிறு கூட்டிக்கொண்டு போகிறானாம்.

தராசு எழுதிய மூன்று கேள்வியும், ஆர்ஐ சார் சொன்ன நாலாவதும், தாளில் எழுதி எம்.பி. அலுவலகத்தில் கொடுத்தேன். உள்ளே இருந்த பையன் வாங்கிப் படித்துவிட்டு, "அண்ணே, இது கலெக்டர் ஆபீஸ் மேட்டர் இல்லையா?" என்றான். இல்லை தம்பி, உங்கள் மேட்டர்தான் என்றேன். சீல் போட்டுக் கொடுத்தான்.

கெஜட்_கிறுக்கன் | புதன், இரவு 10:01

சீல் போட்ட நகலைப் பத்திரமாக வையுங்கள் அண்ணா. அடுத்த கூட்டத்தொடர் தொடங்கியதும் எழுத்துபூர்வக் கேள்விப் பட்டியலை நான் தினமும் பார்க்கிறேன். எப்படியும் வேறு வேலை இல்லாமல் அதைத்தான் படிக்கிறேன்.